கண்மாய்க் கரையில் ஓர் ஆய்வேடு: மதுரைப் பக்கம் களப்பணிக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் செல்லூர்க்காரி. தெற்காசிய வட்டார ஆய்வில் முதுகலை படித்தபோது மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாயின் (பாசன ஏரியின்) தண்ணீர்ப் பங்கீட்டைத் தலைப்பாக எடுத்துக்கொண்டு நாலு மாதம் அங்கே திரிந்தேன். அதற்கப்புறம் வருஷம் தவறாமல் யாராவது ஒரு ஜூனியர் போன் போடுகிறார். ஆள்தான் மாறுகிறது, கேள்வி மாறுவதில்லை. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கண்மாயின் பெயரையும் ஊரின் பெயரையும் சொல்ல மாட்டேன். காரணம் கீழே வருகிறது.

நூலகத்தில் உட்கார்ந்தே ஆய்வேட்டை முடித்துவிட முடியாதா? களத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டுமா?

முடிக்கலாம், பலர் முடிக்கிறார்கள். ஆனால் வட்டார ஆய்வு என்பது ஒரு நிலப்பகுதியை அதன் மொழி, வரலாறு, அரசியல், பிழைப்பு எல்லாவற்றோடும் சேர்த்துப் பார்க்கும் படிப்பு. பொருளாதாரம் படிப்பவர் புள்ளிவிவரத்தோடு நின்றுகொள்ளலாம். வரலாறு படிப்பவருக்கு ஆவணம் போதும். நமக்கு அந்தச் சலுகை கிடையாது. சாதி பற்றி உலகம் முழுக்க விவாதிக்கப்பட்ட கோட்பாட்டை எழுதிய லூயி துய்மோனும் அதற்கு முன்னால், 1949-50 வாக்கில், உசிலம்பட்டிப் பக்கம் பிறமலைக் கள்ளர் ஊர்களில் தங்கி வேலை பார்த்தவர்தான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 'மடை' என்றால் கண்மாயிலிருந்து தண்ணீர் வெளியேறும் வழி என்று படித்திருந்தேன். ஊருக்குள் போனால், "அவுக ரெண்டாம் மடைக்காரவுக" என்கிறார்கள். மடை என்பது அதன் கீழே பாயும் வயல், அந்த வயல்காரர்கள், அவர்களுக்குள் இருக்கும் முறை, பழைய சண்டை எல்லாம் சேர்ந்தது. எந்தப் புத்தகத்திலும் இது என் கண்ணில் பட்டதில்லை. டீக்கடையில் முதல் வாரமே பட்டது.

தலைப்பை எவ்வளவு சின்னதாக வைத்துக்கொள்வது?

வெட்கப்படும் அளவுக்கு. 'மதுரை மாவட்டத்தில் நீர் மேலாண்மை' என்று நான் எழுதிக்கொண்டு போனேன். கைடு அதைப் படித்துவிட்டு, "எத்தனை கண்மாயைச் சுற்றி நடப்பாய்?" என்று மட்டும் கேட்டார். கடைசியில் ஒரு கண்மாய், மூன்று மடை. அதுவே கைக்கு மீறிப் போனது.

மதுரை மல்லி என்று ஆரம்பித்தால் மாட்டிக்கொள்வீர்கள். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூ அது, எழுத ஆயிரம் இருக்கிறது. ஒரே ஊரில் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பறிக்கிற பூ, மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டின் ஒரு கமிஷன் கடைக்குப் போய்ச் சேரும் வரை யார் யார் கையில் மாறுகிறது என்று எடுங்கள். சுங்குடிச் சேலை என்றால் ஒரு தெருவில் முடிச்சுப் போடும் பெண்கள். ஆனால் சௌராஷ்டிர மொழி தெரிந்த ஒருவர் கூட இல்லாமல் அந்தத் தலைப்பைத் தொடாதீர்கள். தமிழில் நம்மிடம் பேசிவிட்டு, முக்கியமானதைத் தங்களுக்குள் அவர்கள் மொழியில் பேசிக்கொள்வார்கள்.

எந்த மாதம் போகலாம்?

கல்லூரி விடுமுறையைப் பார்த்துக் களத்துக்குப் போகிறவர்கள்தான் அதிகம். களத்தின் காலண்டர் வேறு.

மேலூர்ப் பக்கத்துக்குப் பெரியாற்றுத் தண்ணீர்தான் உயிர். மேற்கே ஓடிய ஆற்றை அணை கட்டி மறித்து, சுரங்கம் வழியாக வைகைப் பக்கம் திருப்பியது 1895-ல். இன்றைக்கு அது பேரணை முதல் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோக நிலத்துக்குப் பாய்கிறது. கள்ளந்திரிக்குக் கீழே ஒருபோகம். அணையில் இருப்பு இருந்தால் இருபோகத்துக்கு ஜூன் வாக்கிலும், ஒருபோகத்துக்குச் செப்டம்பர் வாக்கிலும் திறப்பார்கள். தண்ணீர்ச் சண்டையைப் பார்க்க வேண்டும் என்றால் மேலூருக்கு மே மாதம் போய்ப் புண்ணியமில்லை. வெயில் மண்டையைப் பிளக்கும், வயலில் ஆடுதான் மேயும். ஐப்பசி, கார்த்திகையில் போனால் நடவு, பாய்ச்சல், பஞ்சாயத்து எல்லாம் நடந்துகொண்டிருக்கும். ஆனால் பேச யாருக்கும் நேரம் இருக்காது. தை அறுப்பு முடிந்தபின் நேரம் இருக்கும், நடப்பது எதுவும் இருக்காது.

அதனால் இரண்டு தடவை போங்கள். நடக்கும்போது பார்க்க ஒரு தடவை, ஓய்ந்தபின் பேச ஒரு தடவை. நான் இரண்டாவது தடவை போனது மாசி, பங்குனியில். கண்மாய் வற்றி மீன்பிடித் திருவிழா நடக்கிற சமயம். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுகிற வரை ஒருத்தர் கால் நனைக்க மாட்டார். வீசியதும் கச்சா, ஊத்தா, கொசுவலை என்று கையில் கிடைத்ததோடு நூற்றுக்கணக்கில் இறங்குவார்கள். வருஷம் முழுக்க 'நம்ம கண்மாய், உங்க கண்மாய்' என்று பிரித்துப் பேசிய அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் அன்றைக்கு ஒரே சேற்றில் நிற்பதைப் பார்த்தேன். என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் அந்தச் சேற்றில்தான் பிறந்தது.

சித்திரைத் திருவிழா வாரத்தில் எந்தப் பேட்டிக்கும் நாள் குறிக்காதீர்கள். அழகர் ஆற்றில் இறங்கும்போது உங்களுக்காக ஒருவரும் வீட்டில் காத்திருக்க மாட்டார்.

அனுமதி யாரிடம் வாங்குவது?

முதலில் உங்கள் துறையிலிருந்து, முத்திரையோடு, தமிழில் ஒரு கடிதம். ஆங்கிலக் கடிதம் அலுவலகத்தில் எடுபடும், ஊரில் எடுபடாது. பிறகு கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர். பாதிப் பேர் இதோடு நின்றுவிடுகிறார்கள்.

மேலூர்ப் பக்கம் 'நாடு' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. வெள்ளலூர் நாடு மாதிரி. அரசாங்க வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. ஆனால் கோயில் மரியாதை, திருவிழா, பொது முடிவு என்று வரும்போது தாலுகாவை விட அதுதான் பேசும். நாட்டுக்குத் தலைமை தாங்கும் அம்பலகாரர்களைப் பார்க்காமல் ஊருக்குள் கேள்வி கேட்டுக்கொண்டு திரிந்தால், மூன்றாம் நாள் "ஆரு ஒன்னைய விட்டது?" என்று யாராவது கேட்பார்கள். அதே சமயம், அம்பலகாரரோடு மட்டும் சுற்றினால் காலனிக்காரர்கள் உங்களை அவர் ஆள் என்று முடிவு கட்டிவிடுவார்கள். முதல் வாரத்திலேயே இரண்டு பக்கமும் தனித்தனியாகப் போய் உட்காருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. சுற்றுலா விசாவில் வந்து ஆய்வு செய்யக் கூடாது, அதற்கு ஆராய்ச்சி விசா தனியாக உண்டு. இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தால் போதும் என்று நினைத்து டிக்கெட் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். 2021 அறிவிப்புப்படி ஓசிஐ வைத்திருப்பவர்களும் ஆராய்ச்சி செய்யத் தனி அனுமதி வாங்க வேண்டும். கிளம்புவதற்குப் பல மாதம் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

சொந்த ஊர் மதுரைதானே, எனக்கு எல்லாம் தெரியுமே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். செல்லூரில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவளுக்கு நடவுக்கும் தொளிக்கும் (சேறடித்து உழுவது) வித்தியாசம் தெரியவில்லை. ஊர்க்காரர்களுக்கு நான் 'டவுன் பாப்பா'. வெளியூர்க்காரருக்கு விளக்கிச் சொல்வதைக் கூட எனக்குச் சொல்லாமல் விட்டார்கள். "ஒனக்குத் தெரியாததா?" என்று முடித்துவிடுவார்கள். பாதி ஆள் உள்ளே, பாதி ஆள் வெளியே என்பது இதுதான். தெரியாது என்று வாய்விட்டுச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

"நீங்க என்ன ஆளுக?" என்று கேட்டால் என்ன சொல்வது?

கேட்பார்கள். நேராகக் கேட்க மாட்டார்கள். "எந்தத் தெரு?", "குலசாமி எங்கன?", "அம்மாச்சி ஊரு எது?" என்று சுற்றி வளைத்து வருவார்கள். நீங்கள் அவர்களிடம் நாற்பது கேள்வி கேட்கப்போகிறீர்கள், அவர்கள் ஒன்று கேட்கிறார்கள்.

பொய் சொல்லாதீர்கள் என்பது மட்டும்தான் என் விதி. உறவுமுறை வலை சின்னது, இரண்டே நாளில் பிடிபடும். சொல்ல விருப்பமில்லை என்றால், "அதெல்லாம் பாக்காத வீடுங்கய்யா" என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். சில இடத்தில் அது போதும், சில இடத்தில் போதாது. நீங்கள் யார் என்று அவர்கள் முடிவு செய்துகொண்டார்களோ, அதற்கேற்பத்தான் பதில் வருகிறது. அதனால் அன்றைக்கு உங்களை எப்படிக் கூப்பிட்டார்கள், திண்ணையில் உட்காரச் சொன்னார்களா, உள்ளே கூப்பிட்டார்களா, எந்தத் தம்ளரில் தண்ணீர் தந்தார்கள் என்பதையும் குறிப்பில் எழுதுங்கள். அதுவும் தரவுதான்.

கேள்வித்தாள் தயார் செய்துவிட்டேன். அப்படியே கேட்கலாமா?

கேட்டுப் பாருங்கள், நான் பட்டதை நீங்களும் படுங்கள்.

எங்கள் கண்மாயில் நீர்பாய்ச்சி ஒருவர் இருந்தார். மடை திறப்பது, அடைப்பது, வயலுக்கு வயல் முறை வைத்துத் தண்ணீர் விடுவது அவர் வேலை. கூலி களத்தில் நெல்லாக வரும். அவரிடம் போய், "ஐயா, நீர்ப் பங்கீடு எந்த அடிப்படையில் நடக்கிறது?" என்று தாளைப் பார்த்து வாசித்தேன். என் முகத்தையும் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "அதெல்லாம் கவர்மெண்டுல பாத்துக்கிருவாய்ங்க பாப்பா" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். என் குறிப்பேட்டில் அன்று அதுதான் பதிவானது: 'பங்கீடு: அரசு.'

நாலு நாள் கழித்துக் கரையில் பார்த்தேன். கண் சிவந்திருந்தது. "ராத்திரி தூங்கலயாய்யா?" என்று கேட்டேன். அவ்வளவுதான். இரண்டாம் மடையில் யாரோ அடைப்பை உடைத்தது, விடிய விடிய அங்கேயே கிடந்தது, உடைத்தது யார் என்று தெரிந்தும் சொல்ல முடியாதது, மடைக்கல்லில் எந்த வரிக்குக் கீழே தண்ணீர் போனால் முறை ஆரம்பிக்க வேண்டும், எவர் வயலுக்கு முதல் தண்ணீர், அதை மாற்றியதற்காக அவருடைய அப்பா காலத்தில் நடந்த அடிதடி என்று ஒரு மணி நேரம் பேசினார். நான் கேட்க நினைத்த பதினோரு கேள்விக்கும் பதில் அதில் இருந்தது. ஒன்றையும் நான் கேட்கவில்லை.

'பொதுவாக எப்படி?' என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். நேற்று என்ன நடந்தது, போன தடவை யார் முதலில் பாய்ச்சினார்கள், அப்போது நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று கேளுங்கள். கேள்வித்தாள் பையில் இருக்கட்டும். கிளம்பும்போது எடுத்து, எது விட்டுப்போயிற்று என்று பார்க்க மட்டும்.

வயது, வருஷம் கேட்டால் சரியாக வருவதில்லையே?

ஆதாரில் இருக்கும் தேதி பல பேருக்குப் பள்ளிக்கூடத்து வாத்தியார் போட்ட தேதி. நிகழ்ச்சியை வைத்துக் கேளுங்கள். தனுஷ்கோடிப் புயல் 1964, எம்ஜிஆர் இறந்தது 1987, சுனாமி 2004. "எம்ஜிஆர் செத்தப்ப ஒங்களுக்குக் கலியாணம் ஆயிருச்சா?" என்றால் சட்டென்று பதில் வரும்.

தமிழ் வருஷத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது, நான் விழுந்தேன். ஓர் அப்பத்தா "தாது வருசத்துல பொறந்தவ நான்" என்றார். தாது வருஷம் என்றதும் எனக்கு 1876-ல் தொடங்கிய பெரும் பஞ்சம்தான் ஞாபகம் வந்தது. 'பஞ்ச நினைவு, வாய்மொழி மரபு' என்று பெருமையாக ஓரத்தில் குறித்தேன். அறுபது வருஷச் சுற்றில் 1936-ம் தாது, 1996-ம் தாது. பாவம், அவர் தன் வயதைத்தான் சொன்னார். வருவாய் ஆவணத்தில் பசலி ஆண்டு வரும். ஜூலை முதல் தேதி தொடங்கும், அது தொடங்கும் ஆங்கில வருஷத்திலிருந்து 590-ஐக் கழித்தால் கிடைக்கும். 2024 ஜூலையில் தொடங்கியது பசலி 1434.

பெண்களிடம் பேசப் போனால் ஆண்களே பதில் சொல்கிறார்கள்.

வீட்டுக்குப் போனால் அப்படித்தான். நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்குப் போங்கள், குடிதண்ணீர்க் குழாயடிக்குப் போங்கள். மாட்டுத்தாவணியிலிருந்து கிளம்பும் டவுன் பஸ்ஸில் ஏறுங்கள். கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகு அந்த பஸ் பெண்கள் பேசும் இடமாகிவிட்டது. ஆண் மாணவர்கள் சக மாணவி ஒருவரை அழைத்துப் போவது நல்லது. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை முதல் நாளே கேட்டு வையுங்கள். அதைத் தவற விட்ட இரவில் ஒரு வீட்டில் தங்கினேன், அந்த வீட்டு அக்கா அடுப்படியில் பேசியது வேறெந்தப் பேட்டியிலும் வரவில்லை. அதற்காக வேண்டுமென்றே தவற விடாதீர்கள்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள்.

மறுக்காமல் என்ன செய்வார்கள்? வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்த கதை ஒவ்வொரு குடும்பத்திலும் ஒன்றாவது இருக்கும். ஒரு பெரியவர் என் படிவத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல பத்தரம் ஏதும் ஒட்டலையே?" என்றார். வாய்மொழி ஒப்புதல் போதும் என்று உங்கள் கல்லூரி நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பதிவின் தொடக்கத்தில் நீங்கள் யார், எதற்குக் கேட்கிறீர்கள், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம் என்று பேச்சுத்தமிழில் சொல்லி, அவர் சரி என்பதையும் பதிவு செய்யுங்கள். ஆதார் எண், பட்டா நகல் எதையும் கேட்டு வாங்காதீர்கள். தந்தாலும் வேண்டாம்.

பதிவு செய்வது, எழுதி எடுப்பது பற்றி?

போனிலேயே பதிவு செய்யலாம். ஆடி மாதத்தில் மட்டும் வேண்டாம். ஊருக்கு ஊர் ரேடியோ செட் கட்டியிருப்பார்கள். என்னிடம் ஒரு முக்கியமான பேட்டி இருக்கிறது, நாற்பது நிமிடம், முழுக்க அம்மன் பாட்டு. நடுநடுவே ஒரு மனிதர் இருமுவது கேட்கும்.

ஒரு மணி நேரப் பேச்சை எழுதி எடுக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். போனில் இருக்கும் எழுத்தாக்கச் செயலிகள் செய்தி வாசிப்பவரின் தமிழுக்குப் பரவாயில்லை. "அங்கிட்டுப் போனாய்ங்க, இங்கிட்டு வந்தாய்ங்க" என்பதற்கு அவை வாயைப் பிளக்கும். பேச்சை எழுத்துத்தமிழாகத் திருத்தி எழுதாதீர்கள். 'வந்தாக', 'வந்தாய்ங்க', 'வந்தானுக' மூன்றும் 'வந்தார்கள்' ஆகிவிட்டால், யார் யாரை எந்த மரியாதையில் பேசினார் என்பது போய்விடும். தண்ணீர்ப் பங்கீட்டில் பாதி விஷயம் அந்த விகுதியில்தான் இருக்கிறது.

வீடுவீடாக எடுக்கும் கணக்குக்குக் கோபோ டூல்பாக்ஸ் என்ற செயலி இலவசம், சிக்னல் இல்லாத இடத்திலும் ஓடும். எல்லாவற்றையும் விட, அன்றைய குறிப்பை அன்று ராத்திரியே எழுதுங்கள். மறுநாள் எழுதினால் நடந்ததை எழுத மாட்டீர்கள், நியாயமாகத் தோன்றுவதை எழுதுவீர்கள்.

ஆவணங்கள் எங்கே கிடைக்கும்?

கிராமக் கணக்குகளில் இரண்டு உங்களுக்கு முக்கியம். 'அ' பதிவேட்டில் சர்வே எண், நஞ்சையா புஞ்சையா, பரப்பு, தீர்வை, பாசன ஆதாரம் இருக்கும். அடங்கலில் எந்தப் போகத்தில் என்ன பயிர் என்று இருக்கும். 'அ' பதிவேட்டு விவரம் அரசின் இணையச் சேவையிலேயே பார்க்கலாம். ஊர்ப் பெரியவர்கள் விஏஓவை இன்னமும் 'கணக்குப்பிள்ளை' என்பார்கள். பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகள் ஒழிந்தது 1980-ல். பழைய கணக்கு எங்கே போனது என்று தேடினால், சில சமயம் அந்தப் பழைய கர்ணம் வீட்டுப் பரணில் கிடைக்கும்.

ஆயக்கட்டு, அதாவது கண்மாயில் பாசன உரிமையுள்ள நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் கண்மாய் நீர்வளத் துறையிடம், குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியத்திடம். இது தெரியாமல் நான் இரண்டு வாரம் தப்பான அலுவலகத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அங்கே இருந்தவர்களும் சொல்லவில்லை. நேரில் தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். களத்துக்குப் போகும் முதல் வாரமே போட்டுவிடுங்கள்.

பழைய ஆவணத்துக்குச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம், பழைய அச்சுப் பிரதிகளுக்குத் தரமணியில் ரோஜா முத்தையா நூலகம். மதுரையிலேயே தமுக்கத்துக்குப் பக்கத்தில் காந்தி அருங்காட்சியக நூலகமும், நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. உட்கார்ந்து எழுத இரண்டாவது வசதி. ஏசி உண்டு.

மக்கள்தொகைக் கணக்கை வைத்து ஒப்பிடலாமா?

எல்லையைப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். 2011-ல் மதுரை மாவட்டத்தில் 30,38,252 பேர். 1981-ஐ எடுத்துப் பக்கத்தில் வைத்தால் ஜனத்தொகை குறைந்துவிட்டது போலத் தெரியும். யாரும் ஊரைக் காலி செய்துவிட்டுப் போகவில்லை. 1981-ல் மதுரை என்பது இன்றைய மதுரை, திண்டுக்கல், தேனி மூன்றும் சேர்ந்தது. திண்டுக்கல் 1985-லும், தேனி 1996-லும் பிரிந்தன. இன்னும் பின்னால் போனால், ராமநாதபுரம் மாவட்டமே 1910-ல்தான், அன்றைய மதுரையின் ஒரு பகுதியையும் சேர்த்து, உருவானது. அதனால் ஆங்கிலேய அதிகாரிகளான நெல்சன் 1868-லும் பிரான்சிஸ் 1906-லும் எழுதிய மாவட்டக் கையேடுகளில் வரும் மதுரை வேறு மதுரை. கீழடி மதுரையில் இருக்கிறது என்று எழுதாதீர்கள், அது சிவகங்கை மாவட்டம்.

ஊர் மட்டத்திலும் இதே கதைதான். வருவாய்க் கிராமம் வேறு, ஊராட்சி வேறு, ஜனங்கள் சொல்லும் ஊர் வேறு. "ஊர்ல எத்தனை வீடு?" என்று கேட்டேன். ஒருவர் சொன்ன எண்ணிக்கையும் ஊராட்சிப் பதிவேடும் பெரிய அளவில் இடித்தன. அவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் காலனி 'ஊர்' இல்லை.

கீழடி, அரிட்டாபட்டி மாதிரிப் பேர்பெற்ற ஊர்களை எடுக்கலாமா?

அகழாய்வு 2014-15-ல் தொடங்கியதிலிருந்து கீழடியில் மைக்கைப் பார்க்காத ஆள் குறைவு. அரிட்டாபட்டி 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 கடைசியில் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து அந்த வட்டாரமே திரண்டது, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அப்படிப்பட்ட ஊரில் பதில்கள் தயாராகவே இருக்கும், வரிசை மாறாமல் வரும். அதைத் தாண்டிப் போக நாள் அதிகம் வேண்டும். முதுகலைக்குக் கிடைக்கும் காலத்தில் பேர் தெரியாத ஊர்தான் நல்லது என்பது என் அபிப்பிராயம்.

எத்தனை பேரிடம் பேச வேண்டும்? பணம் கொடுக்கலாமா?

புதிதாக ஒன்றும் வராத வரை. எனக்கு இருபத்தைந்தாவது ஆளில் நின்றது. பணம் வேண்டாம். எடுத்த போட்டோவைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

பதிவேடு ஒன்று சொல்கிறது, ஆட்கள் வேறு சொல்கிறார்கள், கண்ணால் பார்ப்பது இன்னொன்று. எதை எடுத்துக்கொள்வது?

போன் போடுகிறவர்கள் இதைப் பெரிய ஆபத்து வந்துவிட்ட குரலில் கேட்கிறார்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் கண்மாய்க்குப் பதிவேட்டில் ஓர் ஆயக்கட்டு இருந்தது. நீர்பாய்ச்சி சொன்னது அதில் முக்கால்வாசி. நான் கையில் வரைபடத்தோடு வரப்பு வரப்பாக நடந்து பார்த்தபோது, மடைத் தண்ணீர் உண்மையில் பாய்ந்தது பாதிக்கும் கீழே. ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. மூன்றின் சராசரியைப் போட்டுவிடலாமா என்று கூட யோசித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

கைடு, "யார் எதற்காக எண்ணினார்கள் என்று பார்" என்றார். பதிவேடு எண்ணியது தீர்வைக்காக. கண்மாய்த் தண்ணீர் பாய உரிமையுள்ள நிலம் எல்லாம் அதில் உண்டு, பிளாட் போட்டு விற்ற இடம் உட்பட. நீர்பாய்ச்சி எண்ணியது தனக்கு நெல் அளக்கிற வயல்களை. தென்னை வைத்து போர்வெல் போட்டுக்கொண்டவர்கள் அவருக்கு அளப்பதில்லை, அதனால் அவர் கணக்கில் அவர்கள் இல்லை. நான் எண்ணியது ஒரு பிப்ரவரி வாரத்தில் ஈரமாக இருந்த மண்ணை. மூன்றுக்கும் நடுவே இருந்த இடைவெளியில்தான் கதை இருந்தது. போர்வெல்காரர்களுக்குக் கண்மாய் தேவையில்லாமல் போனதும் வரத்துக் கால்வாயைத் தூர்வார அவர்கள் ஆள் அனுப்புவதை நிறுத்தினார்கள். ஆள் குறையக் குறையத் தண்ணீர் வரத்துக் குறைந்தது, மிச்சமிருந்தவர்களிலும் முடிந்தவர்கள் போர்வெல் போட்டார்கள். என் ஆய்வேடு மொத்தமும் இதுதான். எண்கள் ஒத்துப்போயிருந்தால் எழுத ஒன்றும் கிடைத்திருக்காது.

குறிப்பேட்டுப் பக்கத்தைக் கோடு போட்டு மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: சொன்னது, எழுதியிருந்தது, பார்த்தது. ஒன்றை இன்னொன்றில் கலக்காதீர்கள்.

பெயரை மறைத்தால் போதுமா?

போதாது. ஒரு கண்மாய்க்கு ஒரு நீர்பாய்ச்சிதான். ஊர்ப் பெயரைப் போட்டுவிட்டு 'நீர்பாய்ச்சி, வயது 61' என்று எழுதினால் பெயரே எழுதியது போலத்தான். அடைப்பை உடைத்தது யார் என்று அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். அதனால்தான் ஊர் பெயர் என் ஆய்வேட்டிலும் இல்லை, இங்கேயும் இல்லை.

முடித்தபின் ஊருக்குத் திரும்பப் போக வேண்டுமா?

போங்கள். ஆங்கில ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நான் மூன்று மடையும் அவற்றின் வாய்க்காலும் வரைந்த பெரிய படம் ஒன்றையும், தமிழில் எட்டுப் பக்கச் சுருக்கத்தையும் கொண்டுபோனேன். படத்தைக் கோயில் திண்ணையில் விரித்ததும் சுற்றிக் கூடிவிட்டார்கள். இரண்டு தப்புக் கண்டுபிடித்தார்கள். ஒரு வாய்க்காலின் பெயரையே மாற்றி எழுதியிருந்தேன்.

நீர்பாய்ச்சி கடைசியாக வந்தார். பேரனை விட்டு எட்டுப் பக்கத்தையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். முடிந்ததும், "நாஞ்சொன்னதெல்லாம் இருக்கு. எம்பேரக் காணமே?" என்றார். உங்களுக்குத் தொந்தரவு வரக் கூடாதென்றுதான் எழுதவில்லை என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அடப்ப ஒடச்சவன் பேரப் போடாத. இம்புட்டு வருசம் மடையத் தொறந்து அடச்சவன் பேரப் போட்டா என்ன?"

என் ஒப்புதல் படிவத்தில், 'உங்கள் பெயர் வர வேண்டுமா?' என்று ஒரு கேள்வியே இல்லை. உங்கள் படிவத்தில் சேர்த்துவிடுங்கள்.